மூச்சு மறக்கும் மூளை

1998 செப்டம்பர் 21 அன்று காலை, கலிஃபோர்னியாவில் தன் வீட்டுப் படுக்கையில் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் இறந்துகிடந்தார். வயது 38. பத்தே ஆண்டுகளுக்கு முன் சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றவர். 100 மீட்டரை 10.49 நொடியிலும் 200 மீட்டரை 21.34 நொடியிலும் அவர் ஓடியதை இன்றுவரை எந்தப் பெண்ணாலும் முறியடிக்க முடியவில்லை. உலகின் மிக வேகமான பெண் தூக்கத்தில் செத்துப்போனார் என்றதும் ஊக்கமருந்துதான் காரணம் என்று வதந்தி கிளம்பியது. பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது வேறு. அவருடைய மூளையில் பிறவியிலிருந்தே ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு இருந்தது. அதனால் தூக்கத்தில் கடுமையான வலிப்பு வந்திருக்கிறது. குப்புறக் கிடந்த நிலையில் மூச்சடைத்திருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அவருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது.

ஜாய்னரின் மரணத்துக்கு ஏட்டில் எழுத ஒரு காரணமாவது கிடைத்தது. வலிப்பு நோயாளிகள் பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் படுக்கப் போயிருப்பார். காலையில் கதவைத் தட்டினால் பதில் வராது. உடலைத் திறந்து பார்த்தால் இதயத்தில் அடைப்பு இல்லை, விஷம் இல்லை, மூளையில் புதிய ரத்தக்கசிவு இல்லை. நுரையீரலில் கொஞ்சம் நீர் கோத்திருக்கும், நாக்கில் பல் பட்ட தடம் இருக்கும், அவ்வளவுதான். விபத்து, நீரில் மூழ்குதல், நிற்காமல் நீடிக்கும் வலிப்பு ஆகிய மூன்றையும் கழித்த பிறகு எஞ்சும் இந்த மரணத்துக்கு நரம்பியல் மருத்துவர்கள் 'சூடெப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வலிப்பு நோயாளிக்கு எதிர்பாராமல் வரும் திடீர் மரணம் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? அமெரிக்க நரம்பியல் கழகமும் அமெரிக்க வலிப்பியல் சங்கமும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, வலிப்பு நோயுள்ள பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஒருவர் ஆண்டுதோறும் இப்படி இறக்கிறார். குழந்தைகளில் 4,500 பேருக்கு ஒருவர் என்று அப்போது கணித்தார்கள். அடுத்து ஸ்வீடனிலிருந்தும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்தும் வந்த ஆய்வுகள், குழந்தைகளின் கணக்கும் பெரியவர்களின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று காட்டின. ஆயிரத்தில் ஒன்று சின்ன எண்தான். ஓர் ஆண்டில் 999 பேருக்கு இது நடக்காது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள். ஆனால் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வலிப்போடு வாழ்கிறார்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற அதே விகிதத்தை இங்கே போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம் உயிர். இறப்பவர்களில் பெரும்பாலோர் இளம்வயதினர். நம் வீடுகளில் இத்தகைய சாவைத் 'தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்' என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறோம்.

மருத்துவ உலகம் இதை நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இங்கிலாந்தின் மனநல விடுதி ஒன்றில் பணியாற்றிய மெக்கன்சி பேக்கன், வலிப்பு நோயாளிகள் எப்படியெல்லாம் இறக்கிறார்கள் என்று 1868இலேயே லான்செட் இதழில் எழுதினார். நியூயார்க் மாநிலத்தின் சோன்யேயாவில் வலிப்பு நோயாளிகளுக்கென்றே கிரெய்க் காலனி என்ற குடியிருப்பு இருந்தது. அதன் முதல் கண்காணிப்பாளர் வில்லியம் ஸ்பிராட்லிங், ஒரே ஒரு வலிப்பு ஒரு மனிதரைச் சட்டென்று கொன்றுவிடக்கூடும் என்பதை 1904இல் தன் நூலில் பதிந்தார். விடுதிகளில் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகத் தங்கியிருந்ததால், ராத்திரி ஒருவர் இறந்தால் அது கண்ணில் பட்டது. பிறகு 1912இல் ஃபெனோபார்பிட்டலும் 1938இல் ஃபெனிடாயினும் வந்தன. நோயாளிகள் விடுதியை விட்டு வீடு திரும்பினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சாவுகள் ஊருக்கொன்றாக, வீட்டுக்கொன்றாகச் சிதறின. 'வலிப்பால் யாரும் சாவதில்லை' என்று மருத்துவர்கள் தைரியம் சொல்லத் தொடங்கினார்கள். அந்தத் தைரியம் அரை நூற்றாண்டு நீடித்தது. அதைக் கலைத்தவர்கள் பிள்ளையையோ துணையையோ பறிகொடுத்த பிரிட்டிஷ் குடும்பங்கள். 1990களில் அவர்கள் ஒன்றுகூடி, 'இப்படியும் நடக்கும் என்று ஏன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?' என்று கேட்டார்கள். சூடெப் ஆக்ஷன் என்ற பெயரில் இன்று இயங்கும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. லண்டன் நரம்பியலாளர் லினா நஷெஃப் 1997இல் தெளிவான வரையறை ஒன்றைக் கொடுத்தார். அதன் பிறகு இத்தகைய மரணங்களை எண்ணத் தொடங்கினார்கள்.

எண்ணினால் மட்டும் போதாதே. படுக்கையறையில், இருட்டில், தனியாக இருப்பவருக்கு நேர்வதை யார் பார்த்தது? கடைசி நிமிடங்களில் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

சாட்சி மருத்துவமனைகளிலேயே இருந்தது. அறுவைசிகிச்சைக்கு முன், வலிப்பு மூளையின் எந்த மூலையில் கிளம்புகிறது என்று பார்ப்பதற்காக நோயாளிகளைச் சில நாட்கள் சிறப்பு வார்டில் படுக்க வைப்பார்கள். தலையில் மூளையின் மின்துடிப்பைப் பதியும் இ.இ.ஜி. கம்பிகள், மார்பில் இ.சி.ஜி., எதிரே வீடியோ கேமரா. வலிப்பு வரட்டும் என்று மருந்தையும் குறைத்துவிடுவார்கள். அபூர்வமாகச் சிலர் அங்கேயே இறந்திருக்கிறார்கள். பிரான்சின் லியோன் நகர நரம்பியலாளர் பிலிப் ரிவ்லினும் அவருடைய குழுவினரும் ஐரோப்பா, இஸ்ரேல், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் இருந்த 147 வார்டுகளின் பதிவுகளைக் கேட்டு வாங்கி அலசினார்கள். மார்ட்டெமஸ் எனப்படும் இந்த ஆய்வு 2013இல் வெளியானது. இதயமும் மூச்சும் நின்றுபோன 29 நிகழ்வுகள் அதில் சிக்கின. 16 பேர் சூடெப்பில் இறந்தவர்கள். 9 பேர் அதே விளிம்புவரை போய் மீட்கப்பட்டவர்கள். மற்ற நான்கு மரணங்களுக்கு வேறு காரணங்கள்.

இறந்த 16 பேரில் 14 பேருக்கு அது இரவில் நேர்ந்தது. பெரும்பாலோர் குப்புறக் கிடந்தனர். மூச்சும் துடிப்பும் சரியாகப் பதிவாகியிருந்தவர்கள் 10 பேர். அத்தனை பேரிடமும் ஒரே ஒழுங்கு தெரிந்தது. முதலில் உடல் முழுவதும் விறைத்து உதறும் பெருவலிப்பு. அது அடங்கியதும் மூச்சு வேகவேகமாக வாங்குகிறது. அடுத்த மூன்று நிமிடங்களுக்குள் இ.இ.ஜி. கோடு தட்டையாகிறது, மூச்சு தடுமாறி நிற்கிறது, இதயத்துடிப்பு மந்தமாகிறது. சிலருக்கு அப்படியே எல்லாம் முடிந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு மூச்சும் துடிப்பும் கொஞ்சம் திரும்பி வருகின்றன. பார்ப்பவர் 'அப்பாடா' என்று நினைத்திருப்பார். ஆனால் மூச்சு மறுபடி மெலிந்துகொண்டே போய், வலிப்பு முடிந்த 11 நிமிடங்களுக்குள் நின்றேவிடுகிறது. அதற்குப் பிறகே இதயம் நிற்கிறது. மூச்சு முந்தி, இதயம் பிந்தி; பதிவுகளில் இந்த வரிசை மாறவில்லை. அதுவரை திடீர் மரணம் என்றாலே இதயத்தைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய திருப்பம்.

கேமராக்கள் வேறொன்றையும் பதிந்திருந்தன. உயிர்மீட்பு முயற்சி மூன்று நிமிடங்களுக்குள் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு யாராவது வந்து சேர 10 நிமிடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த ராத்திரி நேரத்தில் திரையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வார்டுகளின் நோக்கம் நோயறிவதாக இருந்ததே தவிர, காவல் காப்பதாக இல்லை.

சரி, வலிப்பு அடங்கிய பிறகு மூளை ஏன் மூச்சு விட மறக்கிறது?

மூளையின் நரம்பணுக்கள் வழக்கமாக ஆளுக்கொரு தாளத்தில் மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். வலிப்பில் பெருங்கூட்டமாக ஒரே தாளத்துக்கு மாறிவிடுகின்றன. சின்னப் பகுதியில் நின்றால் கை மட்டும் உதறும், அல்லது ஒரு கணம் நினைவு தப்பும். மூளை முழுக்கப் பரவினால் பெருவலிப்பு. அது பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் தானே நின்றுவிடும். மருந்து கொடுத்து நிறுத்துவதற்குள் மூளை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. வீட்டில் மின்சுமை எகிறும்போது டிரிப்பர் விழுந்து எல்லாம் அணைவதைப் போன்ற பாதுகாப்பு ஏற்பாடு அது. அடினோசின் முதலிய அமைதிப்படுத்தும் ரசாயனங்கள் வெள்ளமாகச் சுரந்து நரம்பணுக்களை அடக்குகின்றன. அந்த அடக்கம்தான் இ.இ.ஜி.யில் தட்டைக் கோடாகத் தெரிகிறது. மேல்மூளை இப்படிச் சிறிது நேரம் அணைந்து கிடந்தால் ஆபத்தில்லை; ஆள் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்துவிடுவார். கீழே, கழுத்துக்கு மேலே, மூளைத்தண்டில் உள்ள முகுளம்வரை அந்த அடக்கம் இறங்கினால்தான் வினை. மூச்சின் தாளத்தைப் பிறந்த நொடியிலிருந்து இடைவிடாமல் போட்டுக்கொண்டிருப்பது அந்த முகுளம்தான்.

இந்த இடத்தில் கரியமில வாயுவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் விட்டே தீரவேண்டும் என்ற தவிப்பு வருகிறதே, அது ஆக்ஸிஜன் குறைந்ததால் வருவதைவிட ரத்தத்தில் கரியமில வாயு ஏறியதால் வருவது. தூங்கும்போது முகம் தலையணைக்குள் புதைந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம்; கரியமில வாயு கூடுகிறது; தூக்கம் கலையாமலே தலையைத் திருப்பிக்கொள்கிறோம், அல்லது திடுக்கிட்டு விழிக்கிறோம். இந்த எச்சரிக்கை மணியை அடிப்பது மூளைத்தண்டில் உள்ள செரட்டோனின் நரம்பணுக்கள் என்று அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து நரம்பியலாளர் ஜார்ஜ் ரிச்சர்சன் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். மனச்சோர்வுக்கான மருந்துகளில் பெயர் அடிபடும் அதே செரட்டோனின்தான். பெருவலிப்பு இந்த அணுக்களையும் சேர்த்து மட்டுப்படுத்திவிடுகிறது. அப்போது கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலும் மணி அடிக்காது. விழிப்பும் வராது, தலையைத் திருப்பும் அனிச்சையும் வராது. குப்புறக் கிடப்பவருக்கு இது எமனாகிவிடுகிறது. உடல் கிடந்த நிலை குறிக்கப்பட்டிருந்த 253 சூடெப் மரணங்களை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 73 விழுக்காட்டினர் குப்புறக் கிடந்தது தெரிந்தது.

காரணமே தெரியாமல் தொட்டிலில் இறந்துபோகும் கைக்குழந்தைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். குப்புறத் தூங்குவது, செரட்டோனின் ஏற்பாட்டில் குறை, விழிக்கத் தவறுவது என்று அங்கும் அதே மூன்றும் வருகின்றன. குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று 1990களில் பல நாடுகள் இயக்கமாகவே சொல்லத் தொடங்கிய பிறகு அந்தச் சாவுகள் பாதிக்குமேல் குறைந்தன. வலிப்பு வந்தவர் உதறலில் தானே புரண்டுவிடுகிறார் என்பதால் அத்தனை சுலபமான தீர்வு இங்கே இல்லை.

அயோவாக் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு என்னைத் திகைக்கவைத்தது. அறுவைசிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் பிரையன் டிலூஹியும் ரிச்சர்சனும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். நெற்றிப்பொட்டுக்கு உட்புறத்தில் அமிக்டலா என்றொரு பகுதி உண்டு. அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடையது. அங்கே மெல்லிய மின்தூண்டல் கொடுத்தவுடன் நோயாளிகளின் மூச்சு நின்றது. அவர்கள் விழித்திருந்தார்கள், பேசக்கூடிய நிலையில் இருந்தார்கள். மூச்சு நின்றதை அவர்கள் உணரவே இல்லை! மூச்சை இழு என்று சொன்னால் இழுத்தார்கள். சொல்லாவிட்டால் இழுக்கத் தோன்றவில்லை, தவிப்பும் இல்லை. இயல்பான வலிப்பு அமிக்டலாவை எட்டியபோதும் இதேபோல மூச்சு நின்றது. ஆக, மூச்சு நிற்பதற்கு முகுளம்வரை அடக்கம் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. மேலிருந்தே நிறுத்தச் சொல்லி உத்தரவு போகலாம்.

எலிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். டி.பி.ஏ./1 என்னும் வகைச் சுண்டெலிக்கு உரத்த மணியோசை கேட்டால் வலிப்பு வரும். வலிப்பு முடிந்ததும் மூச்சு நிற்கும். சிறு குழாய் வழியாக உடனே காற்றுச் செலுத்தினால் எழுந்து ஓடிவிடும், விட்டுவிட்டால் செத்துவிடும். செரட்டோனினைக் கூட்டும் ஃப்ளூவாக்சிடினை முன்னதாகக் கொடுத்தால் மூச்சு நிற்பதில்லை என்று இல்லினாய் மாநிலத்து மருந்தியலாளர் கார்ல் ஃபெயிங்கோல்டு காட்டினார். எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. யாரும் இதைப் படித்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய்விட வேண்டாம். ஆனாலும் சுவையான பின்கதை ஒன்று உண்டு. ஃபென்ஃபுளூரமின் என்று ஒரு மருந்து. செரட்டோனினைத் தூண்டும். உடல் எடையைக் குறைக்கும் மாத்திரையாகச் சக்கைப்போடு போட்டு, இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் 1997இல் சந்தையிலிருந்து தூக்கியெறியப்பட்டது. டிராவெட் நோய் என்ற கொடிய குழந்தைப்பருவ வலிப்புக்கு, குறைந்த அளவில், இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே கொடுக்க 2020இல் அமெரிக்காவில் அதே மருந்துக்கு அனுமதி கிடைத்தது. டிராவெட் குழந்தைகளிடம் சூடெப் மற்ற வலிப்புகளைவிடப் பல மடங்கு அதிகம். இந்த மருந்தை எடுத்துக்கொள்கிறவர்களிடம் அது பழைய கணக்கைவிடக் குறைவாக இருப்பதாக 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. வலிப்பு குறைந்ததால் இருக்கலாம், செரட்டோனினாலும் இருக்கலாம்.

யாருக்கு ஆபத்து கூடுதல் என்ற கேள்விக்கு ஸ்வீடன்காரர்கள் தெளிவான விடை தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடிமகனின் மருத்துவப் பதிவும் அங்கே ஒழுங்காக இருப்பதால், ஓலாஃபுர் ஸ்வெயின்ஸன், டோர்பியோர்ன் டோம்சன் குழுவினர் 255 சூடெப் மரணங்களை, உயிரோடிருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலிப்பு நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான முடிவு இது: கடந்த ஓராண்டில் பெருவலிப்பு வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட ஆபத்து 27 மடங்கு. பெருவலிப்பும் வந்து, படுக்கையறையில் துணையும் இல்லையென்றால் 67 மடங்கு. கை உதறல், கணநேர நினைவுத்தப்பல் போன்ற சிறுவலிப்புகள் மட்டும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. பெருவலிப்போடு தனியாக வாழ்பவர்களுக்குப் பெருவலிப்பை முற்றிலும் அடக்கவோ இரவில் துணையைத் தரவோ முடிந்திருந்தால், அவர்களிடையே நேரும் மரணங்களில் 69 விழுக்காட்டைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நெதர்லாந்தில் வலிப்பு நோயாளிகளுக்கான இரண்டு இல்லங்களை ஒப்பிட்ட ஆய்வும் இதையே சொன்னது. இரவுக் கண்காணிப்பு நன்றாக இருந்த இல்லத்தில் ஆயிரத்துக்கு 2.2 என்றிருந்த ஆண்டு விகிதம், கண்காணிப்புக் குறைவான இல்லத்தில் 6.1.

பக்கத்தில் ஆள் இருப்பதால் அப்படி என்ன நடந்துவிடுகிறது? மந்திரம் ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் மசூத் செயால் குழுவினர் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, செவிலியர் சீக்கிரமாக வந்து நோயாளியைத் தொட்டு, ஒருக்களித்துத் திருப்பி, ஆக்ஸிஜன் வைத்தபோது மூச்சுத் தடுமாற்றமும் இ.இ.ஜி. தட்டையும் சீக்கிரம் விலகியது தெரிந்தது. மூளைத்தண்டு தானே அடிக்கத் தவறிய மணியை வெளியிலிருந்து யாரோ அடிக்கிறார்கள். தொடுதலும் குலுக்கலும் பெயர் சொல்லி அழைப்பதும் மூச்சைத் திரும்பக் கூட்டிவரப் போதுமானதாக இருக்கலாம்.

நம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை வீட்டில் எல்லாரும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தார்கள். யாருக்காவது ராத்திரி உதறல் வந்தால் பக்கத்தில் படுத்திருந்த அத்தைக்கோ சித்திக்கோ தெரிந்துவிடும். இப்போது ஆளுக்கொரு அறை, அறைக்கொரு தாழ்ப்பாள். பிள்ளைகள் கல்லூரி விடுதியில், வேலைக்குப் போனபின் மேன்ஷனில் அல்லது பி.ஜி.யில். பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வலிப்புள்ள பிள்ளை விடுதிக்குப் போகும்போது அறைத்தோழனிடம் விஷயத்தைச் சொல்லாமல் அனுப்பும் பெற்றோரே அதிகம். வரன் கெட்டுவிடும் என்ற பயம். வலிப்பு நோயைத் திருமணம் செல்லாது என்பதற்கான காரணங்களின் பட்டியலிலிருந்து 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. சட்டம் எடுத்ததை ஜாதகம் பார்ப்பவர்கள் இன்னும் எடுக்கவில்லை.

எல்லாத் தடுப்பு முறைகளிலும் பெரியது எதுவென்று கேட்டால், ஆச்சரியமே இல்லாத பதில்தான்: மாத்திரை. வலிப்பு மருந்துகளுக்காக நடத்தப்பட்ட 112 சோதனைகளை ரிவ்லின் குழு 2011இல் தொகுத்துப் பார்த்தது. ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு கூடுதலாக உண்மையான மருந்தைப் போதிய அளவில் பெற்றவர்களிடம் சூடெப் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 0.9. வெறும் போலி மாத்திரை பெற்றவர்களிடம் 6.9. ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம். சரியான மருந்து முறையாகக் கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனம், ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை என்றும் சொல்கிறது.

"தம்பிக்கு ஃபிட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆச்சு டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்கும் அம்மாவாவது பரவாயில்லை, கேட்கிறார். கேட்காமலே நிறுத்துபவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். ஊருக்குப் போனேன், மாத்திரை தீர்ந்துவிட்டது, விரதம், சாப்பிடவில்லை, தூக்கம் தூக்கமாக வருகிறது, விட்டுவிட்டேன். இப்படித் திடீரென்று நிறுத்துவது அடங்கியிருந்த பெருவலிப்பைத் திருப்பி அழைக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்று மருந்துகள் பல இருக்கின்றன. மாற்றுவது மருத்துவரின் கையில் இருக்கட்டும். இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் வலிப்பு அடங்காதவர்களுக்கு அறுவைசிகிச்சை பொருந்துமா என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. தூக்கம் கெடுவதும் மதுவும் வலிப்பைத் தூண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான்.

கருவிகளும் வந்துவிட்டன. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் எம்பிரேஸ் என்ற பட்டைக்கு 2018இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நெதர்லாந்தில் உருவான நைட்வாட்ச், மேற்கையில் கட்டப்பட்டு இதயத்துடிப்பையும் அசைவையும் சேர்த்துப் பார்க்கும். இரவில் வரும் கடுமையான வலிப்புகளில் 86 விழுக்காட்டை அது பிடித்தபோது, மெத்தைக்கடியில் வைக்கும் பழைய உணர்கருவி 21 விழுக்காட்டைத்தான் பிடித்தது. அலாரம் அடிக்கும், சரி. அதைக் கேட்டு மூன்று நிமிடத்துக்குள் ஓடிவர ஓர் ஆள் இல்லையென்றால் அதுவும் மார்ட்டெமஸ் வார்டின் கேமராதான். இந்தக் கருவிகள் உயிரைக் காப்பாற்றுவதாக இதுவரை நிரூபணமும் இல்லை. மூச்சு விட வசதியான சிறப்புத் தலையணை என்று விற்கிறார்களே, அதற்கும் இதே பதில்தான்.

ஓடிவருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். கையில் இரும்போ சாவிக்கொத்தோ திணிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவி பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதையும் வைக்கக் கூடாது. உதறும் கை கால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது. இடிபடும் பொருட்களை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும். மூக்கில் பீய்ச்சும் மிடாசோலம் மருந்தை மருத்துவர் எழுதித் தந்திருந்தால் அதுவே அதைப் பயன்படுத்தும் நேரம். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முகம் தலையணையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் 'முடிஞ்சுது, தூங்கட்டும்' என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறோம். மார்ட்டெமஸ் பதிவுகள் காட்டியதைப் பார்த்தால், ஆபத்தான கட்டமே அப்போதுதான் தொடங்குகிறது. ஆள் விழித்துப் பேசும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். அவ்வப்போது தொட்டுப் பெயர் சொல்லி அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கத் திருப்பி, உடனே நெஞ்சழுத்தச் சிகிச்சையைத் தொடங்குங்கள். அதை ஒரு மணி நேரப் பயிற்சியில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் நோயாளியிடம் சொல்லலாமா என்று மருத்துவர்கள் இன்னும் தயங்குகிறார்கள். பயந்துவிடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கூட்டம் வழியும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது என்பது சொல்லாத காரணம். இரண்டையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. சர்க்கரை நோயாளியிடம் கால் போய்விடும் என்று சொல்கிறோம், புகைபிடிப்பவரிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டுகிறோம். வலிப்பு நோயாளியிடம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? 2017ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிகள், ஆபத்து அரிதானது என்பதையும் சேர்த்து, இதைச் சொல்லத்தான் வேண்டும் என்கின்றன. மாத்திரையை ஏன் ஒருநாளும் விடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான விளக்கம் இல்லை.

மருத்துவர் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேளுங்கள்: இவருக்கு வருவது பெருவலிப்பா, சிறுவலிப்பா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை வந்தது, அதில் ராத்திரி எத்தனை? முழுதாக அடக்க இன்னும் என்ன செய்யலாம்? ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால் என்ன செய்வது? எண்ணிக்கையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக் கொண்டுபோனால் இரண்டு நிமிடத்திலும் பதில் கிடைக்கும். பிள்ளை விடுதியில் இருந்தால், இன்றே அந்த அறைத்தோழனுக்கு ஒரு ஃபோன் போடுங்கள்.